நாற்பத்து மூன்று முறை ‘முன்போலவே’

புகார்க் கடிதம் சில வரிகளே கொண்டது. “பிறப்பு இறப்புப் பதிவகத்தின் மூன்றாம் சாளரத்தில் அமர்ந்திருக்கும் பெண் ஊழியர், என் தந்தையின் இறப்புச் சான்றிதழ் கேட்டு நான் நின்றபோது என்னைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். இருமுறை நாக்கைத் துருத்திக் காட்டினார். துக்கத்தில் வருபவர்களை இப்படி அவமதிக்கும் ஒருவருக்கு அங்கே என்ன வேலை?”

எழுதியவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கண்டதைத்தான் எழுதியிருந்தார். அந்த நாக்கை அப்படி ஆக்கியவர்கள்மீதுதான் கோபம். அது இன்னும் தணியவில்லை. தணித்துக்கொள்ளும் எண்ணமும் எனக்கில்லை.

அந்தப் பெண் ஊழியர் என் சித்தி, அம்மாவின் தங்கை. வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு ஆண்டுகளாக அதே சாளரம், அதே மர நாற்காலி. மேசையின் வலப்பக்கம் ஒரு சிவப்புப் பென்சில், இடப்பக்கம் முத்திரையும் மூடிவைத்த மைப்பெட்டியும். படிவத்தின் முதல் வரியில் விரலை வைத்தால் கடைசி வரிவரை விரல் நகரும். விரலோடு உதடும் ஓசையின்றி நகரும். படித்து முடித்த பிறகே மைப்பெட்டியின் மூடி திறக்கும். ஏதேனும் ஒரு பத்தி காலியாக இருந்தால் அதைப் பென்சிலால் வட்டமிட்டுக் கண்ணாடியின் அடியிலுள்ள இடுக்கு வழியாக வெளியே தள்ளிவிடுவார். இறப்புப் படிவத்தில் ‘காரணம்’ என்ற பத்தியை நிரப்பாமல் கொண்டுவந்து சித்தியிடம் முத்திரை வாங்கியவர் எவரும் இல்லை. அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘முற்றுப்புள்ளி’.

வரிசையில் நின்று கால் கடுத்த ஒருவர் ஒருமுறை உரக்கக் கேட்டாராம்: “ஏம்மா, நான் இங்கயே செத்து, அதுக்கும் நீங்களே சர்டிஃபிகேட் குடுக்கற வரைக்கும் நிக்கணுமா?”

“அப்பவும் படிச்சிட்டுத்தாங்க குத்துவேன்” என்றாராம் சித்தி.

பித்தப்பையை நீக்கும் அறுவைச் சிகிச்சை நடந்தபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. அதன்பின் சாப்பிட்டதெல்லாம் நெஞ்சுக்குழியில் நின்றது, குமட்டல், வாந்தி. வயிற்று நோய்ப் பிரிவின் மருத்துவர் நோயாளிக் குறிப்பேட்டில் ஒரு மாத்திரையைத் தம் கையால் எழுதினார்: உணவுக்கு முன், மூன்று வேளை, இரண்டு வாரம். வாந்தி நின்றது. இரண்டு வாரம் கழித்துச் சென்றபோது மருத்துவர் இல்லை. அறை வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஓர் உதவியாளர். அவர் கையில் ஒரு முத்திரை. குறிப்பேட்டைத் திறந்து, நாள் போட்டு, ‘முன்போலவே’ என்று குத்தி நீட்டினார். மருந்தகச் சாளரத்தில் மாத்திரை அட்டைகளைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும் அப்படியே. நாற்பத்து மூன்று மாதங்கள்.

சித்தி ஒருமுறைகூட ஏன் கேட்கவில்லை என்று நான் பிற்பாடு கேட்டேன்.

“சீல் விழுந்திருக்கே” என்றார். “அப்ப யாராவது படிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

வேறு எவரும் செய்திருக்க முடியாத பிழை அது. தம் கையிலுள்ள முத்திரைக்குத் தாம் கொடுத்த மதிப்பை ஊரிலுள்ள முத்திரைகளுக்கெல்லாம் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் ஆண்டில் முதலில் கவனித்தவர் சித்தப்பா. மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பவர், எந்த இயந்திரமும் வேண்டாத இடத்தில் அசைந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது.

“என்ன, எப்பப் பாரு எதையாவது மென்னுக்கிட்டே இருக்க? எனக்கும் கொஞ்சம் குடுக்கறது.”

“வாயில ஒண்ணுமில்லீங்க.”

“பொய் சொல்லாத. ஆ காட்டு.”

சித்தி வாயைத் திறந்து காட்டினார். வாயில் ஒன்றுமில்லை. நாக்கு மட்டும் மண்புழுபோல் தானாக நெளிந்துகொண்டிருந்தது. சித்தப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

பிறகு அலைச்சல். பல் மருத்துவர் நல்ல நிலையிலிருந்த கடைவாய்ப் பல்லை அராவினார். தெருமுனை மருத்துவர் ‘இந்த வயசுல பெண்களுக்கு வர்றதுதான்’ என்று கூறித் தூக்க மாத்திரை கொடுத்தார். சித்தி அலுவலகத்திலும் வீட்டிலும் தூங்கி வழிந்தார். உதடு மட்டும் விழித்திருந்தது. வயிற்று நோய்ப் பிரிவின் வாசல் மேசையில் சொன்னபோது உதவியாளர் நிமிரவே இல்லை. “வாய்க்கெல்லாம் இங்க பாக்க மாட்டாங்கம்மா. இது வயிறு. அடுத்து யாரு?” குறிப்பேட்டில் மீண்டும் ‘முன்போலவே’ விழுந்தது. வாயைக் கெடுத்துக்கொண்டிருந்த மாத்திரையை வாங்கிக்கொண்டு, வாய்க்கு வேறு இடம் தேடி நடந்தார் என் சித்தி.

இந்நிலையில்தான் புகார் வந்தது. பதிவக அலுவலர் கெட்டவர் அல்லர். சித்தியை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “அம்மா, நீங்க பேசாம பின்னாடி ரெக்கார்ட் ரூமுக்குப் போயிடுங்களேன். யாரும் வர மாட்டாங்க. நிம்மதியா இருக்கலாம். ஃபேன்கூடப் புதுசு.”

“கால் ஒடஞ்ச நாற்காலியத்தான் சார் பின்னாடி போடுவாங்க.”

“அப்ப டாக்டர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க. வேணும்னே செய்யல, இன்ன காரணத்தால இப்படின்னு தெளிவா இருக்கணும். பதினஞ்சு நாள். இல்லன்னா என் கையில இல்ல.”

அன்று மாலை சித்தி குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தார். முதல் பக்கத்தில் ‘இரண்டு வாரம்’ என்ற கையெழுத்து. அடுத்த பக்கங்களில் முத்திரைகள். நான் எண்ணினேன். பின்னர் கடைத்தெருவிலுள்ள மருந்துக் கடைக்குச் சென்று அதே மாத்திரையை நறுக்காமல், முழுப் பெட்டியாகக் கேட்டேன். பெட்டிக்குள் எட்டாக மடித்த மெல்லிய தாள் ஒன்று இருந்தது. அதில் எல்லாம் இருந்தது: சில வாரங்களுக்கு மேல் தொடரக்கூடாது, தொடர்ந்தால் நாக்கு, உதடு, தாடை ஆகியவை கட்டுப்பாடின்றி அசையலாம், மருந்தை நிறுத்திய பின்னும் அது நீடிக்கலாம். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல இடமே வைக்காத தாள். உலகம் அறிந்த ஒன்றை, அட்டையை நறுக்கியபோது பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

சித்தி அந்தத் தாளை விரல் வைத்துப் படித்தார். கடைசி வரிவரை. உதடு அசைந்தது, அதில் எந்த அசைவு படிப்பது, எந்த அசைவு நோய் என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

மறுநாள் வயிற்று நோய்ப் பிரிவின் தலைமை மருத்துவரைச் சந்தித்தோம். இரண்டு மணிநேரம் காத்திருந்து கிடைத்த ஐந்து நிமிடம். தாளைப் பார்த்ததும் அவர் புன்னகைத்தார்.

“எல்லா மருந்துக்கும் சைடு எஃபெக்ட் இருக்கத்தான்மா செய்யும்.”

“இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லலையே டாக்டர்.”

“இந்தப் பேப்பரை ஒவ்வொருத்தருக்கும் படிச்சுக் காட்டிட்டு இருந்தா இங்க க்யூ நகருமா?”

“என் க்யூவும்தான் நகராது. நான் படிக்கிறேனே.”

புன்னகை போயிற்று. சான்றிதழ்ப் படிவத்தை இழுத்து வேகமாக எழுதினார். ‘முகத் தசைகளில் தன்னிச்சையற்ற அசைவு. காரணம்: மன அழுத்தமாக இருக்கலாம்.’

சித்தி படித்தார். கைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, ‘காரணம்’ என்ற சொல்லை வட்டமிட்டு, தாளை மேசைமேல் அவர் பக்கம் தள்ளினார்.

“இது தப்பு. மாத்திக் குடுங்க.”

“நான் டாக்டரா, நீங்க டாக்டரா?”

“எனக்கு மன அழுத்தம் இன்னிக்குத்தான் வந்திருக்கு. நாக்கு ஒரு வருஷமா ஆடுது.”

அவர் இன்னொரு படிவம் எடுத்தார். இம்முறை ‘காரணம்: அறியப்படவில்லை’ என்று எழுதினார். குறிப்பேடு அவர் முழங்கைக்கு அருகில் திறந்தே கிடந்தது. முதல் பக்கத்தில் இருந்தது அவருடைய கையெழுத்துதான். ஒருமுறை கண்ணைத் தாழ்த்தியிருந்தால் அறிந்திருக்கலாம். அவர் தாழ்த்தவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பிழை நேர்வது வேறு. கண்முன் கிடக்கும் பிழையைப் பார்க்க மறுப்பது வேறு.

“இதையும் நீங்களே வச்சுக்குங்க” என்று சித்தி எழுந்தார்.

நரம்பியல் பிரிவு அடுத்த கட்டடத்தில் இருந்தது. எட்டு நாள் கழித்துத்தான் முறை கிடைத்தது. அங்கிருந்த இளம் மருத்துவர் முதலில் செய்தது குறிப்பேட்டைப் படித்தது. பக்கம் பக்கமாக, விரல் வைத்து. சித்தி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருத்துவர் நாக்கை நீட்டச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார், நடக்கச் சொன்னார்.

“வயித்து மாத்திரையாலதான்மா இது. இன்னும் சாப்பிடுறீங்களா?”

“தாளைப் படிச்ச அன்னிக்கே நிறுத்திட்டேன்.”

“நல்லது. இனிமே தொடவே கூடாது. அசைவு குறையலாம். முழுசாப் போகும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. ரொம்ப நாள் ஆயிடுச்சு.”

“பரவாயில்லன்னு சொல்வேன்னு பாக்காதீங்க டாக்டர்” என்றார் சித்தி. “பரவாயில்லாம இல்ல.”

“சொல்ல வேண்டாம்” என்றார் மருத்துவர். ‘காரணம்’ என்ற பத்தியில் மாத்திரையின் பெயரையும், எத்தனை மாதம் என்பதையும் எழுதி, கையொப்பமிட்டு, கடைசியில் முத்திரை குத்தினார்.

பதினைந்தாம் நாள் சித்தி மூன்றாம் சாளரத்தில் அமர்ந்தார். கண்ணாடியில் ஓர் அட்டை ஒட்டினார்: ‘என் நாக்கும் உதடும் தானாக அசைகின்றன. வயிற்றுக்குக் கொடுத்த மாத்திரையை நாற்பத்து மூன்று மாதம் நிறுத்தாமல் கொடுத்ததால் வந்தது. உங்களைக் கேலி செய்யவில்லை.’ புகார் எழுதியவருக்கும் அதே வாசகத்தை அஞ்சலில் அனுப்பினார்.

பதிவக அலுவலர் அட்டையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். “தானா அசையுதுன்னு மட்டும் போட்டா போதாதாம்மா? மாத்திரை, மாசக் கணக்கெல்லாம் எதுக்கு? ஆஸ்பத்திரிக்காரங்க சண்டைக்கு வருவாங்க.”

“வரட்டும் சார். காரணம் காலியா இருந்தா நான் எதையும் வெளிய விடறதில்ல.”

அட்டை நின்றது. சித்தியும் நின்றார். பத்து மாதம் ஆகிறது. நாக்கு துருத்துவது குறைந்திருக்கிறது, உதடு குறையவில்லை. பேசும்போது ‘ப’வும் ‘ம’வும் நசுங்குகின்றன. தேநீர்க் குவளையை இரு கையாலும் பிடித்துத்தான் வாயருகே கொண்டுபோகிறார், வாய் அசையாத ஒரு கணத்துக்காகக் காத்திருந்து. வயிற்று நோய்ப் பிரிவின் வாசலில் அதே மேசை இருக்கிறது. நான் அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை.

சென்ற வாரம் சித்திக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். பேரனின் பிறப்புப் பதிவுக்காக வந்த ஒரு பெண்மணி, படிவத்தை நீட்டாமல் அட்டையையே படித்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்தவர், “சீக்கிரம்மா” என்றார். அந்தப் பெண்மணி பையைத் துழாவி, படிவத்துக்கு முன்னால் வேறொன்றை இடுக்கு வழியாக உள்ளே விட்டார். நோயாளிக் குறிப்பேடு.

“இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? எனக்கும் வயித்துக்குத்தான்.”

சித்தி திறந்தார். ‘முன்போலவே.’ அடுத்த பக்கம், ‘முன்போலவே.’

“எத்தன மாசமா?”

“பதினொண்ணு.”

சித்தி மைப்பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். சிவப்புப் பென்சிலை எடுத்து, முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்தார். வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள்.

“நேரம் ஆகும்” என்றார் சித்தி நிமிராமல். “நில்லுங்க.”