போலகத்தில் இறங்குவது

பார்வை முக்கால்வாசி போனபின் ஸ்கூட்டர் சாவியை மனைவி வாங்கி வைத்துக்கொண்டாள். எங்கே போனாலும் மைத்துனனின் பைக்கில்தான். போலகத்திலுள்ள தங்கை வீட்டுக்கு ஒருமுறை தனியாகப் போய்க் காட்டினால் இனித் தடுப்பதில்லை என்று ஒப்பந்தம்.

நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறியதும் நடத்துனரிடம், "போலகம் வந்தா சொல்லுங்க" என்றேன். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பதே முறை என்று அலுவலகத்தில் பலரை உட்காரவைத்தவன் நான்; காத்திருந்தேன். திருமலைராயன்பட்டினம் தாண்டியும் அவர் வாய் திறக்கவில்லை. ஜன்னலில் பச்சைக் கலங்கல் மட்டும் ஓடியது. மாநில எல்லையான வாஞ்சூரைக் கடந்தால் தமிழ்நாடு. அங்கே திகைத்து நின்றால் மைத்துனன்தான் வந்து மீட்க வேண்டும். அதோடு என் சுதந்திரம் முடிந்தது.

"போலகம் போயிடுச்சா?" என்று கத்தினேன்.

பஸ்ஸே பதில் சொன்னது. "இன்னும் வரல பெரியப்பா." "அட, இதான்யா போலகம், நிப்பாட்டு!"

"கண்ணு தெரியாதுன்னு சொல்லக்கூடாதா சார்? கறுப்புக் கண்ணாடி ஸ்டைலுக்குன்னு நெனச்சேன்" என்றார் நடத்துனர்.

இறங்கி, பையிலிருந்த மடக்குத் தடியை விரித்தேன். பின்னால் பைக் வந்து நின்றது.

"ஏறுங்க அத்தான். அக்கா பஸ் பின்னாடியே போகச் சொன்னாங்க."

"அப்ப நீதான் சாட்சி. தனியா இறங்குனேன்னு அவகிட்ட போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தங்கை தெருப்பக்கம் நடந்தேன்.