இரண்டு ஸ்ரீ, ஒரு குலதெய்வம்

நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்குத் தமிழில் இணைய முகவரி பதிந்தவன் நான்தான். என் டைரிப்படி அது ஒரு வளர்பிறை வியாழன். அதற்கு முந்தின நாள் முதலாளி தன் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டிருந்தார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட, பூசாரி ஒன்றை எடுத்தார். வெள்ளை, அதாவது சம்மதம். அந்தச் சாமியின் பெயரே, முன்னால் ஒரு ஸ்ரீயுடன், முகவரியானது.

அட்டைப் பெட்டிகளில் அதை அச்சடித்தோம். கடைக்காரர்கள் பெட்டியைப் பார்த்து முகவரியைப் போனில் அடித்தால் சிலருக்குத் திரையில் எங்கள் பனியன் வந்தது. மற்றவர்களுக்குப் பக்கத்து ஊரான மங்கலத்து விசைத்தறிக்காரர் ஒருவரின் துண்டுகள் வந்தன.

காரணம் பிடிபட எனக்கு ஒன்பது நாளாயிற்று. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ஸ்ரீயைக் கணினிக்குள் இரண்டு விதமாக எழுதலாம். எது விழும் என்பது அவரவர் போனைப் பொறுத்தது. ஒரு விதம் எங்களுடையது, இன்னொன்று மங்கலத்துக்காரருடையது. இரண்டும் வேறு வேறு முகவரிகள் என்பது விதி.

"அப்ப விதிய மாத்தச் சொல்லி எழுதிப் போடுங்க," என்றார் முதலாளி. "இல்லீனா அத்தன பொட்டியும் வீண். அப்பறம் இந்த வேலைக்கு நான் வேற ஆளப் பாக்கோணுமுங்க."

இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை மிரட்டியதில்லை.

விதி வகுக்கும் குழுவுக்குப் பதினோரு பக்கம், தேதிவாரியாக எழுதினேன். பதில் நாலு வரி. இரண்டையும் ஒன்றாக்கலாம், ஆனால் ஆளுக்கொன்றை ஏற்கெனவே வைத்திருப்பவர்களில் யாருடையதைப் பறிப்பது? முதலில் பதிந்தவருக்கே விட்டுவிடலாமா?

பதிவுகளைச் சரிபார்த்து, மங்கலத்துக்காரர் எங்களுக்கு நாற்பது நாள் முந்தி என்று முதலாளியிடம் சொன்னேன்.

"ஏனுங்க, உங்கள யாரு தேதி பாக்கச் சொன்னது?"

மறுநாளே இருவரும் மங்கலம் போனோம். தறிச் சத்தத்தில் கத்தித்தான் குழுவின் பதிலைச் சொல்ல வேண்டியிருந்தது.

"இந்தப் பேரு எங்க கோயில்ல பூக் கேட்டு வெச்சதுங்க!" என்றார் முதலாளி.

"எந்தக் கோயிலுங்க?"

சொன்னார். விசைத்தறிக்காரர் எழுந்து தறியை நிறுத்தச் சொன்னார்.

"எங்களுக்கும் அதே சாமிதானுங்க. நானும் அங்கதான் பூக் கேட்டேன்."

"என்ன பூ வந்துச்சுங்க?"

"வெள்ளைதானுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். என் டைரியில் இதற்கு இடமில்லை.

"அப்ப நாம பங்காளிங்க!" என்றார் விசைத்தறிக்காரர். "சாமியே ரெண்டு பேருக்கும் சரின்னிருக்குது. இத ஒண்ணாக்க அவிய ஆருங்க?"

டீ வந்தது. அவர் இணையப் பக்கத்தின் தலையில் 'பனியனுக்கு இங்கே தொடவும்' என்றும், எங்கள் பக்கத்தில் 'துண்டுக்கு இங்கே தொடவும்' என்றும் போடுவதாக முடிவாயிற்று. பெட்டிகள் தப்பின, நானும்.

என் யோசனையைத் திரும்பப் பெறுவதாகக் குழுவுக்கு ஒரு வரி எழுதினேன். பதினோரு பக்கத்துக்கு நன்றி சொல்லாதவர்கள் அந்த ஒரு வரிக்கு, அன்றே, மனமார்ந்த நன்றி தெரிவித்தார்கள்.