பண்பொழியில் கொடுத்த முடி

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் உள்ளி வெங்காயம் தரம் பிரிக்கிற சங்கரேஸ்வரிக்கு ஒரே மகள், ஆனந்தவள்ளி. பெங்களூரில் ஆராய்ச்சி படிக்கிறாள். என்ன ஆராய்ச்சி என்று யார் கேட்டாலும் சங்கரேஸ்வரி தயங்காமல் சொல்வாள்:

"செமிகண்டக்டர்னு ஒரு சில்லு. அதுல வெளிச்சம் பட்டா எலக்ட்ரான் எந்திரிச்சுப் போயிருமாம். அதுவும் அது இருந்த காலி இடமும் ஜோடியாச் சுத்துமாம். எக்சிட்டான்னு பேரு. நல்லாக் குளுர வச்சா அம்புட்டு ஜோடியும் ஒண்ணுபோல ஆயிருமாம். பஜனையில எல்லார் தொண்டையும் ஒரே தொண்டை ஆவுதுல்லா, அப்படி."

மகள் செய்யும் சோதனையில் அது நடக்கவேண்டும் என்று பண்பொழி திருமலைக்கோயில் முருகனுக்கு மொட்டை நேர்ந்திருந்தாள். போன மாதம் மகள் போனில் கத்தினாள்: "அம்மா, ஆயிட்டு! பத்திரிகைக்குக் கட்டுரையும் அனுப்பியாச்சு!" அவ்வளவுதான். அடுத்த கிருத்திகைக்கே மலையேறி, இடுப்புவரை கிடந்த முடியைக் கொடுத்துவிட்டு, புருஷன் மகாராஜாவோடு குற்றாலம் வந்து ஐந்தருவியில் குளித்தாள்.

"சாமியாரம்மா, மக கூப்பிடுதா," என்று சிரித்தபடி மகாராஜா போனை நீட்டினான்.

மறுமுனையில் அழுகை. "அம்மா, அது நடக்கலம்மா. வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட ஜோடியெல்லாம் முன்னாலயே பிரிஞ்சு போயிருக்கு. வந்தது வெறும் லேசர் வெளிச்சம். பாக்க ரெண்டும் ஒண்ணுபோலவே இருக்கும். நேத்துதான் தெரிஞ்சுது."

சங்கரேஸ்வரிக்குக் காது அடைத்துக்கொண்டது. இத்தனை பெரிய அருவிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. கை தானாகத் தலைக்குப் போய் வழுக்கி இறங்கியது. முருகா, நடக்காத காரியத்துக்கா உனக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்?

"உங்க சார் என்ன சொல்லுதாரு?"

"யாரும் கவனிக்க மாட்டாங்க, பேசாம இருங்காரு. சொன்னா இத்தனை வருசப் படிப்பும் முதல்லேருந்தும்மா. நீ வேற முடியக் குடுத்துட்ட. எனக்கு வாயே வரல."

சங்கரேஸ்வரி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"ஏட்டி, நான் குடுத்ததை முருகன்கிட்ட திருப்பிக் கேக்க முடியாது. நீ குடுத்த கட்டுரையைத் திருப்பி வாங்கலாமா?"

"வாங்கலாம்மா."

"அப்ப வாங்கு. இன்னைக்கே வாங்கு."

போனை வைத்துவிட்டு ஈரச் சேலையோடு படியில் உட்கார்ந்தாள். "ஏளா, குளுருதா?" என்று மகாராஜா அவள் தலையில் துண்டைப் போட்டான். விஷயத்தைக் கேட்டதும் அவனும் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"சரி," என்றான். "அடுத்த நேர்ச்சைக்கு என் மீசையை வச்சுக்கிடுவோம்."

அவள் சிரிக்கவில்லை. "முதல்ல அவ செஞ்சதை மத்தவங்களும் செஞ்சு பாத்து ஆமான்னு சொல்லட்டும். பொறவு எடுங்க."