நெற்றியில் குங்குமம்

அரியலூரில் அக்கா வீட்டு அலமாரியில் இரண்டு வெள்ளைத் தலைகள் இருக்கின்றன. ஒருவர் ஐரோப்பியக் கவிஞர், இன்னொருவர் கடற்படைத் தளபதி. இருவரும் எப்போதோ இறந்துபோனவர்கள். மார்பு வரைக்குமான பழைய பீங்கான் சிலைகள், ஒரு சாண் உயரம். அக்காவின் கணவர், எனக்கு மாமா, ரயில்வேயில் இருந்தபோது சென்னையில் பழைய சாமான் கடையில் வாங்கியவை. பளபளப்புப் பூச்சு கிடையாது. தொட்டால் சாக்பீஸ் மாதிரி இருக்கும்.

"எண்ணெக் கையோட தொட்டுடாத மாப்ள, குடிச்சிரும்" என்பார். சிமெண்ட் லாரிகள் கிளப்பும் தூசியைத் தினமும் ஷேவிங் பிரஷால் தட்டிவிடுவார். தண்ணீர் படவிடமாட்டார். வாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போன பிறகும் இடது கையால் அதைச் செய்துவந்தார்.

விஜயதசமியன்று பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். முந்தின நாள் ஆயுதபூஜை. மிக்ஸி, டிவி, பைக், கேஸ் அடுப்பு எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். இரண்டு தலைகளின் நெற்றியிலும்.

அக்கா சிரித்தாள். "வெள்ளக்காரனுங்களுக்கு இப்பத்தான் மொகத்துல களையே வந்துருக்கு. உங்க மாமாவுக்கு சந்தோசம் தாங்கல தம்பி. பொட்டு வச்சதுலேருந்து கைய ஆட்டி ஆட்டி ஒரே சத்தம்."

அலமாரியை ஒட்டிய நாற்காலியில் இருந்த மாமா என்னைப் பார்த்தார். அந்தச் சத்தத்தின் பொருள் எனக்குத் தெரியும். அக்காவிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு வருடமாக அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டுகிறவள் அவள். அவர் சந்தோஷப்பட்டதாக அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன். 

அவள் காபி போடப் போனதும் பஞ்சை நனைத்துக் கவிஞரின் நெற்றியில் ஒற்றினேன். சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் வரவில்லை. அழுத்தித் துடைத்தேன். சிவப்பு கரைந்து இடது புருவம் வரை இறங்கி, அங்கேயே ஊறி நின்றது. ஒரு பைசா அகலப் பொட்டாக இருந்ததை நான் பாதி நெற்றிக்குப் பரப்பியிருந்தேன்.

தளபதியைக் கையில் எடுத்தேன். மாமாவின் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பஞ்சைப் பிடுங்கிக் கீழே போட்டார்.

அக்கா டம்ளர்களோடு வந்தாள். "பாத்தியா? பொட்ட அழிக்க வுடமாட்டேங்குறாரு. அவ்ளோ புடிச்சிருக்கு."

மாமா வாயைத் திறந்தார். நீளமாக ஒரு சத்தம் வந்தது.

"காபிதானங்க? இந்தாங்க, ஆத்தித் தரேன்" என்றாள்.

தளபதியை இருந்த இடத்திலேயே வைத்தேன்.