பதினோராம் அத்தியாயத்தைப் படித்தவர்கள்

பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் சீட்டு இல்லாமல் ஒரு சாமானும் இருக்கக் கூடாது. கிடங்குக்காரர் போட்ட சட்டம் அது. பிரேக் லைனிங், பெல்ட், பல்பு, கண்ணாடி துடைக்கும் ரப்பர் என்று எதை எடுத்தாலும் நூலில் கட்டிய ஓர் அட்டைச் சீட்டு தொங்கும். எடுத்துப் போகிறவர் தேதி போட வேண்டும். திருப்பித் தரும்போது 'நிலை' என்ற கட்டத்தில் சாமான் எப்படி இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தாறு வருடப் பழக்கம். அதனால் பணிமனையில் அவருக்குப் பெயரே 'சீட்டு' என்று ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில் மனைவிக்கும் ஒன்று கட்டப் பார்த்தார் என்று ஒரு வதந்தி உண்டு. மனைவியைப் பார்த்தவர்கள் அதை நம்பமாட்டார்கள்.

போன வருடம் தொழிலாளர் நலனுக்கென்று நிர்வாகம் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் அனுப்பியது. வைக்க வேறு இடமில்லை என்று கிடங்கில் இறக்கினார்கள். கிடங்குக்குள் வந்தால் சட்டம் சட்டம்தான். புத்தகங்களுக்கும் சீட்டு விழுந்தது. மற்ற புத்தகங்களின் சீட்டுகள் வெள்ளையாகவே கிடந்தன. உலக நடப்புக் கையேட்டின் சீட்டு மட்டும் நிரம்பி, அதன் வாலில் இன்னொன்று ஒட்டி, அதற்கும் ஒரு வால் முளைத்தது. ஊரெல்லாம் எல்லோரும் வாங்கிப் படிக்கிற கையேடு அது. எந்த நாட்டில் என்ன சண்டை, யாருக்கு யார் கூட்டு என்று அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்லும். 'நிலை' என்ற கட்டத்தில் பணிமனைக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த பாஷையில் எழுதித் தள்ளியிருந்தார்கள்.

'முதல் நூறு பக்கம் ஏற்றம். பிறகு சமதளம். நல்ல நிலை.'

'தொடர்ந்து படித்தால் சூடாகிறது. நிறுத்தி நிறுத்தி ஓட்டவும்.'

'ஆசிரியருக்கு ரிவர்ஸ் தெரியவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் சொன்னதை ஏழில் மறுக்கிறார்.'

'வரைபடத்தில் கடல் நீலமாக இல்லை. புகார்.'

இந்த வேடிக்கையெல்லாம் கிடங்குக்காரர் சீட்டுக்கு இன்று வேடிக்கையாக இல்லை. காலையிலிருந்து கையேட்டில் தொங்கிய அட்டையின் அடி வாலையே வெறித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரே ஒரு நாட்டைச் சொல்கிற பதினோராம் அத்தியாயத்தைப் பற்றி ஏழு பேர் எழுதியிருந்தார்கள். ஏழு பேரும் ஒரே குரலில். 'அந்த நாடு பிரேக் பிடிக்காத வண்டி, ஏறாதே' என்று ஒருவர். 'ஷாக் அடிக்கும், கவனம்' என்று ஒருவர். 'மேற்கண்டதை ஆமோதிக்கிறேன்' என்று ஒருவர்.

அந்த நாட்டில்தான் அவருடைய மகளுக்கு வேலை கிடைத்திருந்தது.

மகள் நர்ஸ். மூன்று வருட ஒப்பந்தம். சம்மதமா இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். பதினைந்து நாளாகக் கடிதம் சாப்பாட்டு மேஜைமேல் ஜாடிக்கு அடியில் கிடக்கிறது. நேற்று மகள் அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க சொல்லுங்கப்பா. போன்னா போறேன், வேண்டாம்னா விட்டுடறேன்."

"நான் என்னம்மா சொல்றது, எனக்கு அந்த நாடு எந்தப் பக்கம்னே தெரியாது."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "இருபத்தாறு வருஷமா கேட்டவனுக்கெல்லாம் சாமான் எடுத்துக் குடுக்கறீங்க. பெத்த பொண்ணுக்கு ஒரு பதில் எடுத்துக் குடுக்க முடியலையா?"

அதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார். பெல்ட் கேட்டவருக்கு பல்பைக் கொடுத்தார். பல்பு கேட்டவர் பயந்து ஒன்றும் வாங்காமலே போய்விட்டார்.

அட்டைச் சீட்டு பொய் சொல்லாது என்பதுதான் அவருடைய நம்பிக்கை. கண்ணுக்குப் பளபளவென்று இருக்கிற பிரேக் லைனிங்கை, 'விரிசல்' என்று சீட்டில் இருந்தால் அவர் தொடமாட்டார். சாமானைப் பார்த்து ஏமாறலாம், சீட்டைப் பார்த்து ஏமாற முடியாது. அந்தக் கணக்கில் பார்த்தால் பதில் ரெடி: ஏழு கையெழுத்து, வேண்டாம். மகளுக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டியதுதான். போனை எடுத்தார். மகளுடைய முகம் நினைவுக்கு வந்தது. வைத்துவிட்டார். ஏழு பேரில் ஒருவரையாவது நேரில் கேட்டுவிட்டுச் சொன்னால் மனசு ஆறும் என்று தோன்றியது. கையேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக வேலை நேரத்தில் கிடங்கைப் பூட்டினார்.

முதலில் அகப்பட்டவர் டிக்கெட் பரிசோதகர். ஆமோதித்தவர் அவர்தான்.

"சார், இதுல பதினொண்ணாவது அத்தியாயம் படிச்சீங்களே, அந்த நாடு அவ்வளவு மோசமா?"

பரிசோதகர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக் கையேட்டின் அட்டையைப் பார்த்தார். "இது என் கையெழுத்துதான்."

"அது தெரியுது சார். படிச்சீங்களா?"

"மேல ஆறு பேரு எழுதியிருக்கான். தப்பாவா எழுதுவான்? கீழ கையெழுத்துப் போடறதுதானய்யா என் வேலை. ஒவ்வொண்ணையும் படிச்சுப் பாத்து கையெழுத்துப் போட்டா ஒரு பஸ்ஸு வெளிய போகுமா?"

சீட்டுக்குக் காதோரம் சூடேறியது. ஏழில் ஒன்று போயிற்று. பிரேக் பிடிக்காத வண்டி என்று எழுதிய டிரைவரைத் தேடிப் போனார். அந்த டிரைவருக்கு 'நாலாம் கியர்' என்று பெயர். பல் தேய்ப்பதைக்கூட அந்த வேகத்தில்தான் செய்வார் என்பார்கள். பணிமனை டீக்கடையில் நின்றபடியே பன்னை விழுங்கிக்கொண்டிருந்தார்.

"படிக்காமலா எழுதுவேன்?" என்றார், வாயில் பன்னோடு.

"அப்ப அந்த நாட்டுல என்ன பிரச்சனைன்னு சொல்லு."

"பிரச்சனைதான்."

"என்ன பிரச்சனைடா?"

"அண்ணே, நான் எழுதும்போது நாலஞ்சு பேரு எழுதியிருந்தாங்க. முதல் ஆளு எலக்ட்ரீஷியன். ஷாக் அடிக்கும்னு போட்டிருந்தான். அவன் பாலிடெக்னிக் வரைக்கும் போனவன், அவனுக்குத் தெரியாததா? நான் அதையே கொஞ்சம் ஸ்பீடா எழுதினேன்."

"அதுக்கு 'ஏறாதே'ன்னு எழுதுவியா?"

"எழுத்துல ஒரு வேகம் வேணாமாண்ணே?" என்று சிரித்தவர், சீட்டின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "ஏண்ணே, யாராவது அங்க போறாங்களா?"

சீட்டு எலக்ட்ரீஷியனைத் தேடி நடந்தார். மணி இரண்டரை ஆகியிருந்தது. எலக்ட்ரீஷியன் ஒரு பேருந்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்; கால் இரண்டு மட்டும் வெளியே தெரிந்தது. சீட்டு குனிந்து, அந்தக் கால்களோடு பேசினார்.

"தம்பி, கையேட்டுச் சீட்டுல பதினொண்ணாவது அத்தியாயத்துக்கு முதல் ஆளா எழுதினது நீதானே?"

"ஆமாண்ணே."

"படிச்சுட்டா எழுதினே? உண்மையைச் சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

ஒரு கால் இன்னொரு காலைச் சொறிந்தது. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பொட்டி பிரிச்ச அன்னைக்கு நீங்கதானே புக்கை என் கையில குடுத்து, 'பதினொண்ணாவது அத்தியாயம் பயங்கரமா இருக்கும் போல, பாத்துப் படி'ன்னு சொன்னீங்க. நான் வரைபடம் மட்டும்தான் பாத்தேன். எதாவது எழுதினாத்தானே விடுவீங்க. நீங்க சொன்னதையே எழுதிட்டேன்."

சீட்டு நிமிர்ந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது போல அப்படியே நின்றார்.

சொன்னதுதான். நினைவுக்கு வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்த அன்று பொருளடக்கத்தை மட்டும் விரலால் ஓட்டிப் பார்த்தார். பதினோராவது வரியில் அந்த நாட்டின் பெயரும், பக்கத்தில் 'நெருக்கடியின் விளிம்பில்' என்றும் இருந்தது. அவ்வளவுதான் அவர் படித்தது. அந்த ஒரு வரியை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, எலக்ட்ரீஷியன் எழுதியதைப் பார்த்து மற்றவர்களும் டிரைவரும் எழுதி, பரிசோதகர் ஆமோதித்து, ஒரு சுற்றுச் சுற்றி, ஏழு கையெழுத்தோடு அது அவரிடமே திரும்பி வந்திருக்கிறது. தன் வாய்ச்சொல்லைக் கேட்டுத் தானே காலையிலிருந்து நடுங்கிக்கொண்டிருக்கிறார்.

அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்து கையேட்டைத் திறந்தார். பதினோராம் அத்தியாயம் திறக்கவில்லை. அச்சகத்தில் மடித்த தாளின் ஓரத்தை வெட்டாமலே தைத்துவிட்டிருந்தார்கள். பதினாறு பக்கமும் பை போல மூடிக் கிடந்தது. வருடம் முழுக்க ஒரு மனிதரும் உள்ளே போனதில்லை. அன்று முதல் தடவையாக அவருக்குச் சிரிப்பு வந்தது.

எலக்ட்ரீஷியனின் பெட்டியிலிருந்து ரம்பத் துண்டு ஒன்றை எடுத்து மடிப்புகளைக் கிழித்தார். உட்கார்ந்து படித்தார். பிறகு நின்று படித்தார். பிறகு பேருந்துகளுக்கு நடுவே மேலும் கீழுமாக நடந்துகொண்டு படித்தார். துறைமுகத்தைப் பற்றி நாலு பக்கம். பக்கத்து நாட்டோடு எல்லைத் தகராறு. தேர்தல், எண்ணெய், ஒப்பந்தம், அதை மீறியது, மீறியதற்கு மன்னிப்பு. எழுதியவர் கெட்டிக்காரர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் இருபத்துநாலு வயதுப் பெண் ஒருத்தி வேலை முடிந்து தனியாக அறைக்கு நடந்து போகிற தெருவில் விளக்கு எரியுமா என்று அந்தப் பதினாறு பக்கத்தில் ஓர் இடத்திலும் இல்லை.

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது மூன்றே முக்கால். மகள் மேஜையில் கடிதத்தைப் பிரித்து வைத்து, பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"என்னப்பா, முடிவு பண்ணிட்டீங்களா?"

"இல்லம்மா." செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். "காலையில வேண்டாம்னு சொல்லலாம்னு இருந்தேன். ஏழு பேரு சொன்னாங்கன்னு நெனச்சேன். பாத்தா ஏழு பேரும் நான்தான். என் பயம்தான். அதைக் கொண்டாந்து உனக்கு பதில்னு குடுக்க முடியாது."

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கண் கலங்கிவிட்டது. "நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு நம்பிதான்ப்பா உங்ககிட்ட விட்டேன்."

"ஏன், உனக்குப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. பயமாவும் இருக்கு. நீங்க வேண்டாம்னா, உங்க மேல கோவப்பட்டுட்டு இங்கயே இருந்துடலாம்ல."

"அடிப்பாவி," என்றாள் அம்மா, சமையலறை வாசலில் நின்று. "அப்பனும் பொண்ணும் ஒரே அச்சு. ஒருத்தர் தலையில ஒருத்தர் தூக்கி வைக்கறதுலயே பதினஞ்சு நாள் போச்சு. அந்த லெட்டர்ல ஒரு போன் நம்பர் கூடவா இருக்காது?"

இருந்தது. நாலாவது பக்கத்தில், ஆஸ்பத்திரி வார்டின் நம்பர். மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். பதினைந்து நாளாக ஜாடிக்கு அடியில் இருந்த நம்பர்.

மகள் போன் போட்டாள். தெரிந்த கொஞ்சம் அயல்மொழியை வைத்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். சீட்டுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஜன்னலுக்குப் போனார், வந்தார். தண்ணீர் குடித்தார். காலி டம்ளரை மறுபடியும் குடித்தார். "ரூமுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கான்னு கேளு," என்றார். "தெருவுல லைட் இருக்கான்னு கேளு." "லீவு குடுப்பாங்களான்னு கேளு." மகள் அவர் வாயை மூடச் சொல்லிச் சைகை காட்டினாள்.

பத்து நிமிடம் கழித்து போனை வைத்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஒரு சிஸ்டர் பேசினாங்க. ஆள் ரொம்பக் கம்மியாம், வேலை முதுகை ஒடிச்சுடுமாம். ஹாஸ்டல் ஆஸ்பத்திரிக்குள்ளயே இருக்கு, தாழ்ப்பாள் இருக்கு. தெருவுல லைட் இருக்கு, ஆனா வாரத்துக்கு ரெண்டு நாள் கரண்ட் இருக்காதாம். அவங்க ஆறு வருஷமா அங்க இருக்காங்க. ரெண்டு தடவை ஊருக்குப் போயிடலாம்னு பொட்டி கட்டினாங்களாம், போகல."

"ஏன் போகலையாம்?"

"அதுக்குள்ள பெல் அடிச்சுட்டாங்கப்பா, வார்டுல கூப்பிட்டாங்க. கடைசியா ஒண்ணு சொன்னாங்க. வர்றதா இருந்தா நல்ல ஷூ ரெண்டு ஜோடி கொண்டு வா, இங்க கிடைக்கறது ஒரு மாசம் தாங்காதுன்னு."

மகள் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. அவள் அதை போட்டோ எடுத்து அனுப்பியபோது மணி நாலு இருபது.

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சீட்டுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலுக்குப் போய் நின்று, திரும்பி வந்தார்.

"உன் கால் சைஸ் என்னம்மா?"

"எதுக்குப்பா இப்ப? கிளம்பறதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

"இருக்கட்டும். கடை ஏழு மணிக்கு மூடிடுவான். ரெண்டு ஜோடின்னு சொன்னாங்கல்ல, மூணா எடுத்துக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே பாதி தெரு போய்விட்டார். மகள் ஒரு செருப்பை மாட்டி, இன்னொன்றைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.