ஊர்வலத்தில் மாட்டிய மைத்துனர்

என் மைத்துனர் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். மகளின் பிரசவத்துக்காக முதன்முறையாக வெளிநாடு போனார். பதினொரு மணிக்கு அவளுக்கு ஆபரேஷன். ஒன்பது நாற்பதுக்கு ஏதோ விடுமுறை ஊர்வலத்தில் அவருடைய பஸ் நின்றுவிட்டது. இறங்கி நடந்தவரைக் கூட்டம் ஊர்வல லாரியில் தூக்கி ஏற்றி, தலையில் வண்ணக் காகிதத் துண்டுகளைத் தூவியது.

“ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்!”

யாருக்கும் புரியவில்லை. பெரிய வயிறு போலக் கையை வளைத்துக் காட்டினார். அதை ஆட்டமென்று நினைத்து, தெருவே வயிற்றைக் காட்டி ஆடியது. மேளக்காரரும் அதற்கேற்ப அடித்தார். நிஜமாகவே நிறைமாதமாக இருந்த ஒரு பெண் மட்டும் ஆடவில்லை. கையசைத்து அவரை இறங்க வைத்து, ஆஸ்பத்திரி வாசல்வரை கூட்டிப்போனாள்.

பத்து ஐம்பத்திரண்டுக்கு மகள் அவரைப் பார்த்தாள்.

“என்னப்பா இது கோலம்? தலையெல்லாம் காகிதம்!”

“எனக்கே ஒண்ணும் புரியலம்மா. நீ தைரியமா போயிட்டு வா.”