சித்தப்பா வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? இரண்டு சட்டக் கல்லூரிகளைப் பார்க்கப் பெங்களூர் போன கதை

சட்டம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஆக வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு எல்.எல்.எம். முடிக்க வேண்டும், பிறகு தகுதித் தேர்வு, முனைவர் பட்டம் என்று பாதை நீளும். சென்ற ஆண்டு ஜூன் மாதம் பெங்களூரில் இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. நேரில் பார்த்து முடிவெடுக்கலாம் என்று நானும் அப்பாவும் ஒரு வியாழக்கிழமை காட்பாடியில் ரயில் ஏறினோம். இதே குழப்பத்தோடு கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் தேர்ந்தெடுத்தது தவறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே படிப்பதும் படிக்காததும் உங்கள் விருப்பம்.

காட்பாடியிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட் ஏறக்குறைய நான்கு மணி நேரம். முன்பதிவு செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஜோலார்பேட்டை வரை நின்றுகொண்டுதான் போக வேண்டும். அப்பா வழி முழுக்க கைபேசியில் வரைபடம் பார்த்துக்கொண்டு வந்தார். கல்லூரிகளைப் பற்றி அவருக்கு ஒரே கேள்விதான். மர்பி டவுனில் இருக்கும் சித்தப்பா வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? எங்கள் குடும்பத்தில் யார் வெளியூரில் படித்தாலும் முதலில் அளப்பது இதைத்தான். ஒரு கல்லூரி மூன்று கிலோமீட்டர். இன்னொன்று கெங்கேரியையும் தாண்டி, இருபத்தாறு. அப்பாவைப் பொறுத்தவரை தேர்வு முடிவு ரயிலிலேயே வெளியாகிவிட்டது.

பக்கத்துக் கல்லூரிக்கு ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் போனோம். "தமிளா? நம்ம ஆளு. மீட்டர் மேல இருபது ரூபா போட்டுக் குடுங்க, பேஜார் பண்ண மாட்டேன்" என்றார் ஓட்டுநர். கல்லூரி கண்ணாடியும் குளிர்சாதனமுமாக இருந்தது. மாதிரி நீதிமன்ற அரங்கில் அப்பா வாய் பிளந்து நின்றார். எல்.எல்.எம். ஒரே ஆண்டு. சுற்றிக்காட்டிய அதிகாரி, எந்தெந்தக் கம்பெனிகள் வேலைக்கு எடுத்தன என்று சுவரில் இருந்த படங்களைக் காட்டினார். இங்கே படித்து ஆசிரியர் ஆனவர்கள் உண்டா என்று கேட்டேன்.

"டீச்சிங்கா மேடம்?" என்று சிரித்தார். "இவ்ளோ நல்ல பிளேஸ்மென்ட் வெச்சிக்கினு யாரு மேடம் டீச்சிங் போவாங்க?"

நல்ல மனிதர்தான். கேட்டதற்கு உண்மையான பதிலைச் சொன்னார். என் காதில்தான் விழவில்லை.

மதியம் அல்சூர் மெட்ரோவில் ஏறிக் கெங்கேரியில் இறங்கினோம். ஒருவருக்கு எண்பது ரூபாய் ஆனது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அங்கிருந்து பஸ். பஸ் அரை மணிக்கு ஒன்றுதான், அதனால் தண்ணீர் பாட்டிலோடு போங்கள். கல்லூரி பழைய கட்டடம், விசிறிகள் சத்தம் போட்டன. எல்.எல்.எம். இரண்டு ஆண்டுகள். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அங்கிருந்த பேராசிரியை எங்களிடம் கல்லூரியைப் பற்றி எதுவும் பேசவில்லை. "இப்போ ஒரு எல்.எல்.எம். ஸ்டூடண்ட் ஜூனியர்ஸுக்கு கிளாஸ் எடுக்கறா. பின்னாடி உக்காந்து பாருங்க" என்றார். இரண்டாம் ஆண்டில் எல்லாரும் அப்படி வகுப்பெடுத்துக் காட்ட வேண்டுமாம். என் வயதுப் பெண் ஒருத்தி ஒப்பந்தச் சட்டம் நடத்தினாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேள்வி கேட்டான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்குத் தெரியல. நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த சட்டப்பிரிவுக்குப் போனாள். குரல் நடுங்கவில்லை. பேராசிரியை என் பக்கம் குனிந்து, "அந்த வார்த்த வர்றதுக்கு அவளுக்கு ஒரு வருஷம் ஆச்சு" என்றார்.

எனக்கு அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே மனமில்லை. இங்கேதான் படிக்கப் போகிறேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அப்பாவிடம் பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஒரே கூட்டம். மெட்ரோவில் அவர் தூங்கிவிட்டார். சரி, வீட்டில் எல்லாரும் இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சித்தப்பா லக்கேஜ் ஆட்டோ ஓட்டுகிறார். மர்பி டவுனில் அவர் வீடு இரண்டே அறை. உள்ளே நுழைந்ததும் சித்தி என் கையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துப்போனாள். அங்கே இருந்த டி.வி.யைச் சமையலறைக்கு மாற்றியிருந்தார்கள். ஜன்னலோரம் புது மேசை, நாற்காலி, வளைக்கிற கழுத்துள்ள விளக்கு.

"லைட்டு சரியா வருதா பாரு பாப்பா. உங்க சித்தப்பா நேத்தே சிவாஜி நகர்ல வாங்கியாந்தாரு."

நான் நாற்காலியில் உட்கார்ந்து விளக்கைப் போட்டேன். நன்றாக வந்தது. "ரொம்ப நல்லா இருக்கு சித்தி" என்றேன். அப்பா பக்கத்துக் கல்லூரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், சித்தி சிக்கன் குழம்பு ஊற்றினாள், நான் தலையாட்டினேன்.

ஓராண்டு ஓடிவிட்டது. சித்தப்பா வீட்டில் தங்கிப் பக்கத்துக் கல்லூரியிலேயே எல்.எல்.எம். முடித்தேன், மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு நாள்கூட ஒரு வகுப்பின் முன்னால் நின்றதில்லை. சென்ற மாதம் ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். முன் வரிசையில் ஒரு பெண் கேள்வி கேட்டாள். பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வராமல் எதையோ உளறினேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். வேலை கிடைக்கவில்லை என்பதைவிட அந்தப் பேனா மூடியதுதான் வலிக்கிறது.

என்னைப் போல ஆசிரியர் வேலைக்காகக் கல்லூரி தேடுகிறவர்கள் கட்டடத்தையும் சுவரிலுள்ள படங்களையும் விடுங்கள். அங்கே படித்தவர்கள் யார் எங்கே பாடம் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். ஆய்வேட்டை யார் படித்துத் திருத்துவார், அவர் அடுத்த ஆண்டும் இருப்பாரா என்று கேளுங்கள். இரண்டு கல்லூரியையும் ஒரே நாளில் பார்க்க முடியும், கெங்கேரிப் பக்கத்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மனதில் முடிவு வந்துவிட்டால், திரும்பும் பஸ்ஸில் எவ்வளவு கூட்டமிருந்தாலும் அங்கேயே சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர் வீட்டு வாசலைத் தாண்டிய பிறகு சொல்வது கஷ்டம்.

மாதிரி வகுப்பு முடிந்து வந்த அன்று தாங்காமல் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கெங்கேரிக் கல்லூரி, அந்த வகுப்பு, அப்புறம் இந்த மேசையைப் பார்த்ததும் நான் பேசாமல் இருந்துவிட்டது வரை. அவர் மேசையை ஒருமுறை பார்த்தார்.

"இதுக்காகவா சும்னே இருந்துட்ட? நான் ஓட்றதே லக்கேஜ் வண்டி பாப்பா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா, டேபிளத் தூக்கி வண்டில போட்டு அந்தக் கெங்கேரி ஹாஸ்டல்லயே எறக்கியிருப்பேனே."